கண்ணாடிப் பக்கத்துக் கதவு

1

கண்ணாடி சாஞ்சிருக்கு. சொல்லலாமா? சொன்னா அரை நாள் போயிடும். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

அண்ணி அன்று இப்படி நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. நினைத்ததாக வைத்துக்கொண்டால்தான் கதை நகர்கிறது.

அண்ணன் வீட்டுச் சுவரில் போன மாதம் ஒரு காரின் படம் புதிதாக மாட்டியிருந்தது. மணிக்கு முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டும் பந்தய வேகக் கார். உலகத்திலேயே அது ஒன்றுதான். அதன் அலுமினிய உடல் முழுவதையும் சுத்தியலால் தட்டி எழுப்பியவர் என் அண்ணி. ஏன் வலது பக்கத்தை மட்டும் படம் எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். இந்தக் கதையில் நான் மாட்டிக்கொண்டேன்.

2

"அதிகாலைப் பனியில் அந்த வெள்ளி மிருகம் உறுமிக்கொண்டு…"

[இந்த வரியை அடித்துவிட்டேன். அண்ணி படித்துவிட்டு, "மிருகமா? பதினோரு மாசம் தட்டியிருக்கேன், ஒரு தடவகூடக் கடிக்கல" என்றார்.]

பட்டறையில் பாதிக் கார் நின்றது. இந்த வரி இருக்கட்டும். களிமண்ணில் இடது பாதியை மட்டும் செய்து, வெட்டிய பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்துவார்கள். முழுக் காரும் தெரியும். வடிவமைத்தவருக்கு அண்ணி வைத்த பெயர் பென்சில், அவ்வளவு ஒல்லி. இருக்கையைக்கூடத் தன் உடம்பை வைத்தே அளந்திருந்தார்.

இடது கதவுத் தகட்டைக் களிமண்ணோடு ஒட்டிப் பார்த்துத் தட்டலாம். வலது கதவுக்கு அந்த வளைவை அட்டையில் வெட்டியெடுத்து, திருப்பிப் போட்டு அளக்க வேண்டும். நேரமில்லை, கண்ணாடியைப் பார்த்தே தட்டிவிடுங்கள் என்றார் பென்சில்.

கண்ணாடியின் ஒரு கால் மடித்த துணியின்மேல் நின்றது; கண்ணாடி சாய்ந்ததில் பிம்பமும் விலகியது. வலது கதவு ஒரு விரற்கடை கூடுதலாகப் புடைத்தது.

3

(இங்கே அண்ணியின்மேல் எனக்குச் சந்தேகம். முப்பது வருடம் தட்டிய கைக்கு ஒரு விரற்கடை தெரியாமல் போகுமா? அல்லது, புடைப்பு அழகாக வந்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டாரா? நானும் சில வரிகளை அப்படி விட்டிருக்கிறேன். தப்பு என்று தெரியும், அடிக்கக் கை வராது.)

4

சோதனை ஓட்டத்துக்கு வந்த ஓட்டுநர் கதவளவு அகலம். தலைக்கவசத்தோடு உள்ளே நுழைவதற்கே மூச்சுப் பிடித்தார். கார் கிளம்பியது. எல்லோரும் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்கள். அண்ணி மட்டும் தன் தகடுகள் எங்காவது அதிருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அதிரவில்லை. ஒரு சுற்றுக்குக் குறித்திருந்த நேரத்தைவிட இரண்டு நொடி முன்னாலேயே கோட்டைத் தாண்டியது. பென்சில் குழந்தை மாதிரி குதித்தார்.

ஓட்டுநர் இறங்கினார்.

"வலது முழங்கைக்கு இடம் விட்ட மகராசன் யாருப்பா? மத்த வண்டியில ஒவ்வொரு திருப்பத்துலயும் கதவுல இடிச்சுக்குவேன்."

யாரும் இடம் விட்டிருக்கவில்லை. பென்சில் அளவு நாடாவை எடுத்தார். இடது கதவு. வலது கதவு. மறுபடி இடது.

"அக்கா, அடுத்த வாரம் ஊருக்கே காட்டப் போறோம். வலது பக்கத்த இடதோட சரி பண்ணிடுங்க. ரெண்டு நாள் வேலைதானே?"

5

முடிவு அ: அண்ணி சரி செய்கிறார். யாருக்கும் தெரியாது.

முடிவு ஆ: அண்ணி நீண்ட வசனம் பேசுகிறார், எல்லோரும் கை… [எழுதும்போதே கூசியது.]

நடந்தது: இன்னும் சூடாயிருந்த கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கார் புடைத்த கதவோடுதான் மேடையேறியது. படம் பிடிக்க வந்தவர்கள் கார் முழுவதையும் சுற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே வலது பக்கம் வந்து நின்றார்கள்.

6

மிச்சமிருப்பது முதல் வரி. அதை வைத்துக்கொள்வதா அடிப்பதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்காமலில்லை. நேற்று இந்தத் தாள்களோடு போய், "கண்ணாடி சாஞ்சிருந்தது அன்னிக்கே தெரியுமா, அண்ணி?" என்றேன்.

சுவரிலிருந்த படத்தை ஒரு பக்கம் லேசாக நிமிர்த்தினார். தள்ளி நின்று பார்த்தார்.

"அத மட்டும் கேக்காத" என்றார்.