தோளில் ஏறிய சைக்கிள்கள்

ரயில்வே பாலத்தில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு நடைபாதை உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டிய அகலம். அதன் இக்கரை முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவளை ஊரே ‘பஞ்சர் அக்கா’ என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

பாதை இருந்தால் சைக்கிள், சைக்கிள் இருந்தால் பஞ்சர், பஞ்சர் இருந்தால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். அதில்தான் மண் விழப் பார்த்தது. ரயில்வே ஆபீஸ் நோட்டீஸ் ஒட்டியது. புதன்கிழமை காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை பாதையில் போகிறவர்களைக் கணக்கெடுப்பார்களாம். அறுநூறுக்குக் குறைந்தால் இரண்டு பக்கமும் வேலி போட்டு மூடிவிடுவார்களாம். அப்புறம் அக்கரை போக ஏழு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அந்தக் கூத்துக்கு எந்தச் சைக்கிள்காரன் வருவான்?

“அறுநூறுதானே அண்ணி? நம்ம ஆளுங்க டீ குடிக்கப் போய்ட்டு வந்தாலே தேறிடும்” என்றாள் நாத்தனார். அவள் அக்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

புதன்கிழமை விடிந்ததும் ஒரு எழுத்தர் வந்து கடை எதிரே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜனம் சாரிசாரியாகப் போனது. அக்காவுக்கு ஒரே குஷி. மதியம் இரண்டு மணிக்கு அவருக்கு டீ கொண்டுபோனவள் தாளை எட்டிப் பார்த்தாள். நூற்று நாற்பத்தொன்று.

“என்ன சார் இது, காலையிலேருந்து ஓயாம போய்ட்டிருக்காங்களே?”

“போறாங்கம்மா. ஆனா பாரத்துல ரெண்டே கட்டம்தான். நடந்து செல்பவர், சைக்கிள் ஓட்டிச் செல்பவர். இவங்க எல்லாரும் தள்ளிட்டுப் போறாங்களே.”

அக்கா நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தாள். பாலத்தின் வாயில் ‘சைக்கிளைத் தள்ளிச் செல்லவும்’ என்று ஒரு துருப்பிடித்த போர்டு தொங்கியது. அதை ஒரு நாளும் ஒருவரும் மதித்ததில்லை. இன்றைக்கு அதிகாரியைப் பார்த்ததும் அத்தனை பேரும் நல்ல பிள்ளையாக இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். வருஷம் முழுக்க இல்லாத ஒழுக்கம் இன்றைக்குப் பார்த்துத்தானா வர வேண்டும்!

“தள்ளினாலும் காலாலதானே சார் நடக்கறாங்க?”

“வண்டியோட போனா அவர் நடப்பவர் இல்லை. விதியிலேயே இருக்கு.”

“அப்ப ஏறி ஓட்டச் சொல்றேன்.”

“ஓட்டினா அபராதம் போடணும். போர்டு இருக்குல்ல?”

பின்னே ஓட்டுபவருக்கு ஒரு கட்டம் எதற்கு என்று கேட்டதற்கு, அது எல்லாப் பாலத்துக்கும் பொதுவான பாரம் என்றார் மனுஷர். நல்லவர்தான், ஆனால் விதியை விட்டு இம்மியும் நகரமாட்டார். அந்த நேரம் தலையில் காய்கறிக் கூடையோடு ஒருவர் வந்தார். எழுத்தர் ஒரு கோடு போட்டார்.

“அவர் கூடையோட போறாரே?”

“கூடை சுமைம்மா. அதுல சக்கரம் உருளலையே.”

அக்கா கடை வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தாள். “சக்கரம் தரையில படாம தூக்கிட்டுப் போனா சைக்கிளும் சுமைதானா சார்?”

அவர் விதித்தாளை முன்னும் பின்னும் புரட்டினார். காதைச் சொறிந்தார். “சுமைதான்” என்றார். “ஒருத்தர் எத்தனை தடவை கடந்தாலும் அத்தனை கோடு.”

அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு அக்கரைக்கு ஓடி, பாலத்து முனையில் காத்து நின்றாள். நாலு மணிக்கு மில்லும் ஆஸ்பத்திரியும் ஷிஃப்ட் விட்டன. “தூக்குங்க, எல்லாரும் சைக்கிளைத் தோள்ல தூக்குங்க” என்று கத்தியவளைப் பார்த்து, “அக்காவுக்கு மறை கழண்டுடுச்சுடா” என்றார் மில்காரர் ஒருவர். அவள் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னாள்.

முதலில் தூக்கியது நாத்தனார். “வீட்டுல ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கமாட்டேன் அண்ணி. இதை ஞாபகம் வச்சுக்குங்க” என்று முனகிக்கொண்டே நடந்தாள். அவள் பின்னால் மில்காரர்கள், ரொட்டிக்கடைக்காரர், கணக்கு டீச்சர் என்று வரிசை நீண்டது. எதிரே வந்த ரயிலின் டிரைவர் வாயைப் பிளந்து பார்த்தார். எழுத்தருக்குப் பென்சில் இரண்டு தடவை முறிந்தது.

ஐந்தேகாலுக்கு நானூற்றுத் தொண்ணூறு. வீட்டுக்குப் போகத் திரும்பியவர்கள் காதில் அது விழுந்தது. அக்கா யாரிடமும் உதவி கேட்கவில்லை. அவர்களாகவே சைக்கிளை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு நடந்தார்கள், அங்கிருந்து திரும்பியும் வந்தார்கள். வெறுங்கையோடு நடந்தாலும் கணக்குதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அக்காவும் கடையில் கிடந்த ஒரு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் சேர்ந்தாள். ஆறு மணிக்கு எழுத்தர் கூட்டிச் சொன்ன தொகை அறுநூற்று இருபத்தெட்டு.

பத்து நாளில் கடிதம் வந்தது. ‘பாதை தொடர்ந்து திறந்திருக்கும்’ என்ற வரிக்கு மேல் அக்காவால் படிக்க முடியவில்லை. டயர் குவியல்மேல் உட்கார்ந்து அழுதாள். நாத்தனார் வாங்கி மிச்சத்தை வாசித்தாள்: ‘சுமையோடு செல்வோர் மிகுதியாக இருப்பதால், சுமையை இறக்கி இளைப்பாறப் பாதையின் நடுவே இரண்டு திண்டுகள் கட்டித் தரப்படும்.’

வாசிக்கும்போதே அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவும் அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள். கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பு.

“அழுதது போதும் அண்ணி” என்றாள் நாத்தனார். “பின்சக்கரத்துல காத்து இல்லை. அடிச்சுக் குடுங்க, டியூட்டிக்கு நேரமாச்சு.”