லாயத் தெருவில் வெள்ளை நீலத் துண்டு

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கலை வரலாறு. அதை வைத்துக்கொண்டு பிறந்த ஊரான சியேனாவிலேயே எனக்குக் கிடைத்த வேலை, சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜெர்மன்காரர்களுக்கு முன்னால் நடப்பது. ஃப்ளோரன்ஸில் தங்கியிருப்பவர்களை ஏஜென்சி காலையில் பஸ்ஸில் அனுப்பும். ஊரைக் காட்டிவிட்டு சாயங்காலம் திரும்ப ஏற்றிவிட வேண்டும். சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது. இந்த ஆகஸ்ட்டில் நிரந்தரமாக்குகிறேன் என்று முதலாளி கால்பியாத்தி சொல்லியிருந்தார். நான் வேலை செய்வதைப் பார்த்து முடிவெடுக்க மிலானிலிருந்து அவரே வந்தார்.

வந்தவர் சும்மா வரவில்லை. ஒரு பெட்டி நிறையக் கழுத்துத் துண்டு. வெள்ளையும் வெளிர்நீலமும்.

"குடையெல்லாம் பழசு. எல்லார் கழுத்துலயும் இது இருந்தா ஒருத்தரும் தொலைய மாட்டாங்க. எப்பிடி?"

"சிக்னோர், குதிரைப் பந்தயம் நெருங்கிருச்சு. இந்த நேரத்துல இது வேண்டாம்."

"அதுக்குத்தான வாங்கினேன். ஊரே போட்டிருக்கு, நாமளும் போட்டுப்போம்."

ஊரே போட்டிருந்தது; ஆனால் அவரவர் துண்டை. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு குதிரை, ஒரு நிறம். பிறந்த பேட்டையின் நிறத்தைத்தான் கழுத்தில் கட்டுவோம். பெட்டியில் இருந்தது எங்கள் பேட்டையின் பரம எதிரியுடையது.

எனக்கு இந்தப் பேட்டை வெறி ஆகாது. நான் கல்லூரியில் சேர்ந்தபோது இவர்கள் கேட்டதெல்லாம், "படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?" என்பதுதான். கேவலம் ஒரு பாலியெஸ்டர் துணிக்காக வேலையை விடுவதா? தவிர, நான் போகும் பாதை எங்கள் பேட்டையைத் தொடாது. சரி என்று குடையை மடக்கினேன். எனக்கு மட்டும் வேண்டாம், வியர்க்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பாதி வழியில் போலீஸ் தடுப்பு. ஒத்திகை ஓட்டத்துக்காக அந்தப் பக்கத்தை மூடிவிட்டார்கள். சதுக்கத்துக்குப் போக மிச்சமிருந்தது எங்கள் தெருதான். அந்தத் தெருவில்தான் எங்கள் குதிரையின் லாயம். லாயத்து வாசலில் என் அப்பா ரெமோ.

அப்பா குழாய் ரிப்பேர் செய்பவர். இந்த வருடம் பேட்டை அவரைக் குதிரைக்குக் காவல் வைத்திருந்தது. பந்தயம் முடியும்வரை சாப்பாடு, தூக்கம் எல்லாம் குதிரையோடுதான். எதிரி எதையாவது தின்னக் கொடுத்துவிடுவான் என்ற பயம் எல்லாப் பேட்டைக்கும் உண்டு. எதிரியின் நிறத்தைக் காவல்காரனின் மகளே லாயத்துக்குக் கூட்டிவந்தால், அப்பாவை அந்த நிமிடமே வெளியே அனுப்பிவிடுவார்கள். அவர் ஆயுசில் யாரும் அவரை நம்பி எதையும் ஒப்படைத்ததில்லை, பாத்ரூமைத் தவிர.

தெருமுனையில் இருக்கும் கல் வளைவில் நின்றேன். துண்டைக் கழற்றிக் கொடுக்கும்படி ஜெர்மனில் சொன்னேன்.

கால்பியாத்திக்கு ஜெர்மன் தெரியாது. கைகள் கழுத்துக்குப் போனதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்.

"என்ன பண்ற நீ?"

"இதோட உள்ள போனா எங்கப்பாவக் காவல்லேருந்து தூக்கிருவாங்க."

"அதுக்குச் சம்பளம் உண்டா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? படிச்ச பொண்ணுதான நீ?"

"படிச்சவதான். அதான் ஜெர்மன்ல கேட்டேன்."

முழங்கால் வலியோடு வந்திருந்த ஹில்டெ அம்மாள்தான் முதலில் கழற்றினார். "நல்லதாப் போச்சு, கழுத்தெல்லாம் அரிக்குது. சாயம் வேற போகுது," என்றார். மற்றவர்களும் கழற்றினார்கள். எல்லாவற்றையும் பையில் திணித்து வளைவுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே நடந்தேன்.

கால்பியாத்தி மட்டும் துண்டோடு பின்னால் வந்தார். எங்கே என்ன கட்ட வேண்டும் என்று அவருக்கு எவனும் சொல்ல முடியாதாம்.

மாடி ஜன்னலிலிருந்து டெர்சீலியா அத்தை பார்த்துவிட்டாள். "யாருடா இவன்? கொடி தேடி வந்தானா, துணி காயப்போட?"

லாயத்திலிருந்து ஆண்கள் வந்தார்கள். தெருவின் குறுக்கே தோளோடு தோளாக நின்றார்கள். கால்பியாத்தியை யாரும் தொடவில்லை.

"ரெமோ! உம்பொண்ணு கூட்டிட்டு வந்த ஆளா?" என்று அத்தை மறுபடி கத்தினாள்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நிரந்தர வேலை வரப்போகிறது என்று பேட்டை முழுக்கச் சொல்லிவைத்திருந்தவர் அவர்தான்.

"உங்கூட வந்தவரா, நீவெஸ்?"

"சொல்லும்மா, நான் யாருன்னு," என்றார் கால்பியாத்தி.

"இல்ல. துண்டு போட்டவங்க யாரும் எங்க குழுவுல இல்ல."

அவரை வளைவுவரை மரியாதையாகக் கொண்டுபோய் விட்டார்கள்.

நான் சதுக்கத்தையும் பேராலயத்தையும் காட்டினேன். சாயங்காலம் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றினேன். பஸ் கிளம்புவதற்குள் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம்.

திரும்பும்போது அப்பா லாயத்து வாசலில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்.

"வேலை?"

"போச்சு."

கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்துப் பாதியை நீட்டினார். வாங்கித் தின்றேன்.

"எனக்காக நீ பொய் சொல்லியிருக்க வேணாம். காவலே வேணாம்னு நானே வெளிய வந்திருப்பேன்."

"வந்திருக்க மாட்டப்பா."

மிச்ச ரொட்டியை மென்று முடித்தார்.

"மாட்டேன்தான்," என்றார்.

உள்ளே குதிரை பலகையை உதைத்தது. அவர் எழுந்து போனார்.