பெரியப்பா வந்து சொல்லும்வரை

அங்காராவில் படிக்கும் எங்கள் மகள் ஜிபேக் வாரக் கடைசியில் கூப்பிட்டால் ஒரே கேள்விதான் கேட்பாள். "என்னம்மா விசேஷம்? ரெண்டு பேரும் எங்கயாச்சும் போனீங்களா?" பஜாருக்குப் போனோம் என்பேன். முழுப் பொய் இல்லை. நான் பஜாருக்குப் போயிருப்பேன், அவள் அப்பா சோபாவுக்குப் போயிருப்பார்.

என் வீட்டுக்காரர் துராத்துக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. எங்கள் தலைநகர் பிஷ்கெக்கின் பழைய அடுக்குமாடிகளில் லிஃப்ட் பாதியில் நின்றால் அவருக்குத்தான் போன் வரும். நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறேன். எங்களுக்குள் சண்டை சச்சரவு கிடையாது. சண்டை போடவும் கொஞ்சம் அக்கறை வேண்டுமே. மகள் விமானம் ஏறிய பிறகு வீட்டில் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் 'உப்பு கம்மி', 'கதவைச் சாத்து' என்பதோடு நின்றுவிட்டது. ஊசி போட்டு மரத்துப்போன ஈறு எப்படியோ அப்படித்தான் நாங்கள் இருந்தோம். கடித்தாலும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது கொழுந்தன் ரிஸ்பெக் சொந்த ஊரான கோச்கோரிலிருந்து என் போனில் கூப்பிட்டான்.

"அண்ணி, அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

"குளிக்கிறார். என்ன விஷயம்?"

"அப்பா போயிட்டார் அண்ணி. விடியக்காலையில டீ கேட்டார். நான் கொண்டு வர்றதுக்குள்ள…" அவன் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு உடனே காரியத்துக்கு வந்தான். "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. அசன்குல் பெரியப்பா தலாஸ்ல ஒரு கல்யாணத்துல இருக்கார். நாளைக்குக் காலையில பெரியவங்க ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்து அவரே சொல்வார். அதுவரைக்கும் அண்ணன் காதுல விழக்கூடாது. நீங்க அழுதுடாதீங்க."

எங்கள் ஆட்களிடம் இது ஒரு கட்டு. சாவுச் செய்தியைப் போனில் வீசி எறியக்கூடாது. பெரியவர்கள் நேரில் வந்து, உட்கார்ந்து, பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஆளை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். பெற்ற மகனுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். அதோடு, செய்தியைக் கேட்டதும் இவர் காரை எடுத்துக்கொண்டு மலைச்சாலையில் பறப்பார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அடக்கம் திங்கட்கிழமைதான், அதற்குள் அண்ணனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்றான் ரிஸ்பெக். அண்ணனை விட்டுவிட்டுச் சொந்தக்காரர்களுக்கென்று புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஆரம்பித்துவிட்டிருந்தான்.

அழாதீங்க என்று அவன் சொல்லியிருக்கவே வேண்டாம். எனக்கு அழுகை வரவில்லை. மாமனார் நல்ல மனிதர். நான் புது மருமகளாகப் போனபோது ரொட்டியைக் கருக்கினேன், கருகினதுதான் ருசி என்று சொல்லிச் சாப்பிட்டவர். அதை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, இறக்கிவைத்தேன்.

குளித்துவிட்டு வந்தவரிடம், "ஆலா-ஆர்ச்சாவுக்குப் போலாமா?" என்றேன். மலைக்குள் நுழைந்துவிட்டால் போனில் சிக்னல் கிடைக்காது. எனக்கு வேண்டியது அதுதான்.

துண்டோடு அப்படியே நின்றுவிட்டார். "யாரு, நாமளா?"

"பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"இல்ல, திடீர்னு கேக்கறியே. கதவு கிதவுல தலையை இடிச்சுக்கிட்டியா?"

"வர்றதுன்னா வாங்க. போனை வீட்டுலயே வச்சிட்டு வரணும்."

"ஐயோ, எங்கயாவது லிஃப்ட் நின்னுச்சுன்னா?"

"ஒரு நாள் படியேறட்டும். உடம்புக்கு நல்லது."

அவர் சிரித்துக்கொண்டே போனை ஜன்னலோரத்தில் வைத்துவிட்டார். நான் கடையில் சம்சா வாங்கி, தெர்மாஸில் டீ ஊற்றிக்கொண்டேன். கார் நகரத்தைத் தாண்டியதும் அவர் பாட ஆரம்பித்தார். அவர் பாடுவார் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

மலையில் பிர்ச் மரங்கள் மஞ்சளாகிவிட்டிருந்தன. ஆற்றங்கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். சம்சாவைத் தின்றுவிட்டு, சும்மா இருக்க மாட்டாமல் பூட்ஸைக் கழற்றினார்.

"இந்தத் தண்ணியில பத்து எண்ணுற வரைக்கும் நிப்பேன். பந்தயம்?"

"பனி உருகி வர்ற தண்ணி. காலு விறைச்சுப்போகும். சின்னப் பையனா நீங்க?"

"எண்ணுடீ!"

இறங்கினார். நான் எண்ணினேன். "ஒண்ணு… ஒண்ணரை… ஒண்ணேமுக்கால்…"

"அடிப்பாவி! ஒழுங்கா எண்ணு!" என்று நீருக்குள் குதித்துக் குதித்து அலறினார். மூன்றைத் தாண்டவில்லை, வழுக்கி உட்கார்ந்துவிட்டார். கால்சட்டையெல்லாம் நனைந்து, ஒரு கையால் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க நினைத்தேன், முடியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். தகப்பன் செத்துக் கிடக்கிறார், மகன் தெரியாமல் ஆற்றில் ஆடுகிறார், எல்லாம் தெரிந்த நான் சிரிக்கிறேன். அது புத்திக்குத் தெரிந்தது. சிரிப்புக்குத் தெரியவில்லை.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீ இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு. நான் உனக்குச் சலிச்சுப்போயிட்டேன்னு நெனச்சேன்."

நான் தெர்மாஸை மூடினேன்.

"உன்கிட்ட சொல்லல. ரஷ்யாவுல ரெண்டு வருஷத்துக்கு வேலை இருக்குன்னு ஒருத்தன் கூப்பிட்டான். போயிடலாம்னுதான் இருந்தேன். வீட்டுல இருந்தா மட்டும் என்ன பேசிக்கறோம், அங்க போய்க் கிடந்தா என்ன? ஆனா இன்னிக்கு நீயா கூப்பிட்டே பாரு. வேணாம்னு சொல்லிடப்போறேன்."

முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அவர் காதில் செய்தி விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் கூட்டிவந்தேன். அவரோ இதை வேறு ஒன்று என்று எடுத்துக்கொண்டுவிட்டார். நாளைக்குப் பெரியப்பா வந்து சொல்லும்போது அப்பாவோடு இதுவும் சேர்ந்து போய்விடும்.

"அடுத்த வாரம் ஊருக்குப் போய் அப்பாவைப் பார்த்துட்டு வருவோம். நீயும் வா" என்றார். "ஒவ்வொரு தடவையும் 'மருமக எங்கடா'ன்னு உன்னைத்தான் கேக்கறார்."

"வர்றேன்" என்றேன். டீ நாக்கைச் சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை.

பொழுது சாய வீடு திரும்பினோம். என் போனில் மகள் கூப்பிட்டாள். அவர் பிடுங்கிக்கொண்டார். "உங்கம்மா என்னை ஆத்துல தள்ளிவிட்டுட்டா!" என்று ஆரம்பித்து, நடக்காததையெல்லாம் சேர்த்து அளந்தார். அந்தப் பக்கம் ஜிபேக் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, நிஜமாவா? நீங்க ரெண்டு பேருமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தாத்தா போன விஷயம் அவளுக்கும் தெரியாது. நிஜம்தான் என்றேன்.

பேசி முடித்ததும் அவர் ஜன்னலோரம் போனார். "அப்பாகிட்டயும் சொல்லணும். கேட்டா சிரிப்பார்."

நான் குறுக்கே போய் அவர் கையைப் பிடித்தேன். கடைசியாக எப்போது பிடித்தேன் என்று நினைவில்லை. "அங்க இப்ப மாடு கறக்கிற நேரம். காலையில பேசுங்க. இப்ப வந்து கேரட் நறுக்கிக் கொடுங்க, புலாவ் பண்ணலாம்."

பிடித்த கையை அவர் விடவில்லை. அப்படியே சமையலறைக்கு வந்தார். போன் ஜன்னலோரத்திலேயே கிடந்தது. கேரட்டை நறுக்கும்போதும் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

ஞாயிறு காலை எனக்கு முன்பே எழுந்து முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம், அணில்களுக்குக் கொட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. "நான் பார்க்கறேன்" என்று கரண்டியோடு போனார்.

வாசலில் மூன்று பெரியவர்கள், வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு. நடுவில் அசன்குல் பெரியப்பா. வீட்டில் விசேஷம் எதுவும் இல்லாமல் மூன்று பெரியவர்கள் சேர்ந்து வந்து நின்றால் எங்கள் ஆட்களுக்கு யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. கரண்டியிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டியது. ஆனாலும் முறை முறைதான். உள்ளே வந்து உட்கார்ந்தார்கள், அவரை நடுவில் உட்காரவைத்தார்கள். பிறந்தவர்கள் யாரும் தங்கப்போவதில்லை என்று பெரியப்பா மெதுவாக ஆரம்பித்து, "துராத், திடமா இரு. உங்கப்பா நம்மளை விட்டுட்டுப் போயிட்டார்" என்று முடித்தார்.

அவர் "அப்பா!" என்று குரலெடுத்துக் கதறினார். இரண்டு பக்கமும் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்சம் அடங்கியதும் தலையை நிமிர்த்தி, "எப்ப?" என்றார்.

"நேத்து விடியக்காலையில."

அவர் பெரியப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

ஏழு பேர் உட்காரும் காரைப் பெரியப்பாவின் மகன் ஓட்டினான். நாங்கள் இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மலைச்சாலை முழுக்க அவர் என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. அவர் என் இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார். கோச்கோர் நெருங்கும்போது, முன்வரிசைகளில் இருந்த பெரியவர்கள் காதில் விழாதபடி, மெல்லச் சொன்னார்.

"உனக்கு என்னைப் பிடிச்சுப்போச்சுன்னு நெனச்சேன் நான்."

"நான் சிரிச்சது நிஜம்" என்றேன். "அது பொய் இல்லீங்க."

தலையை ஆட்டினார். அழுகிற குழந்தையிடம் சரி சரி என்பது போல ஆட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசலில் கார் நின்றதும் அவர் இறங்கி, வழக்கப்படி "அப்பா, என் அப்பா" என்று கதறிக்கொண்டே ஆண்கள் நின்ற பக்கம் ஓடினார். என்னைப் பெண்கள் கைத்தாங்கலாக, சாவுக்கென்று முற்றத்தில் போட்டிருந்த கூடாரத்துக்குள் கூட்டிப்போனார்கள். அங்கேதான் எனக்கு உடைந்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டு, தொண்டை கட்டும்வரை, நிறுத்தத் தெரியாமல் அழுதேன். நாத்தனார் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"பாருங்கடி, மாமனார் மேல எவ்வளவு உசிரா இருந்திருக்கா" என்று யாரோ ஒருத்தி சொன்னாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.