கடைசி எபிசோடும் கடைவாய்ப் பல்லும்

டாக்டர் என் வாய்க்குள் இரண்டு பஞ்சுச் சுருள்களையும் எச்சில் உறிஞ்சும் குழாயையும் செருகிவிட்டு, "இப்ப சொல்லுங்க சார், அந்தக் கடைசி எபிசோட பாத்தாச்சா இல்லையா?" என்று கேட்டார். பல் டாக்டர்கள் வாயை அடைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். இவர் பதிலையும் எதிர்பார்ப்பார். அதற்காக எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு விரலைத் தூக்கினால் ஆமாம், இரண்டு விரலைத் தூக்கினால் இல்லை. நான் இரண்டு விரல்களைத் தூக்கினேன். முகமூடிக்கு மேலே டாக்டரின் கண்கள் விரிந்தன. இன்னுமா பார்க்கவில்லை என்று அவை கேட்டன. மறுபடியும் இரண்டு விரல்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்க டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து, காலடியில் எனக்கென்று வைத்திருக்கும் பிரேக்கில் வலது காலை வைத்தபடி, எதிராளியை ஒரு வார்த்தை பேசவிடாமல் பேசிக்கொண்டே இருப்பது என் தொழில். வீட்டுக்குப் போனாலும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. நான் பேசாமல் கிடக்கும் காட்சியைப் பார்ப்பதற்கென்றே என் மனைவி ஒருமுறை இந்த கிளினிக்குக்குக் கூடவே வந்தாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் பாடுபட்டு முடியாதத அந்தம்மா ரெண்டு பஞ்சுல முடிச்சுட்டாங்க" என்று வீடு திரும்புகிற வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அந்தத் தொடரை எங்கள் தலையில் கட்டியதே டாக்டர்தான். போன வருஷம் ஒரு சொத்தைப் பல்லை அடைக்கப் போனபோது, நான் நாற்காலிக் கைப்பிடியைப் பிய்த்துவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, பிரிட்டிஷ் தொடர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தபால் ஆபீசில் ஆறு பேர் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் நகைச்சுவைத் தொடர் ஒன்று, பூசணிக்காய் வளர்க்கும் போட்டி ஒன்று, அப்புறம் இந்தத் துப்பறியும் தொடர். சதா மழை பெய்கிற ஒரு துறைமுக ஊர். ரிட்டயர் ஆக மனசில்லாத ஒரு கிழட்டு இன்ஸ்பெக்டர். அவருக்கு வாய்த்த ஒரு சின்னப் பெண் கான்ஸ்டபிள். பிணம் கிடைத்தால் அங்கே யாரும் அலறுவதில்லை, டீ போடப் போய்விடுகிறார்கள். சீசனுக்கு ஆறே எபிசோட். நாங்கள் வழக்கமாகப் பார்க்கிற தொடர்களில் அந்த இன்ஸ்பெக்டர் கோட்டைக் கழற்றி மாட்டவே ஆறு எபிசோட் ஆகியிருக்கும். பொழுதுபோகாமல் ஆரம்பித்தோம். இரண்டாவது நாள் என் மனைவி அடுப்பைப் பாதியில் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் கொலைகாரனைத் தேடுவாள், நான் இன்ஸ்பெக்டரின் பழைய பச்சை காரைப் பார்ப்பேன். மனிதர் ஸ்டியரிங்கை யாருக்கும் தரமாட்டார். இண்டிகேட்டர் போடமாட்டார், கண்ணாடி பார்க்கமாட்டார், வளைவில் பேசிக்கொண்டே திரும்புவார். சோபாவில் உட்கார்ந்திருக்கும் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும்.

என் வாய்கூட சில நேரம் ரகசியம் காக்கும், முகம் காக்காது. என்னிடம் கார் கற்றுக்கொள்ள வந்த ஒரு பேங்க் மேடம், சிக்னலில் நிற்கும்போது, மூன்றாவது சீசனில் கொலை செய்தது படகுக்காரன்தான் என்று போட்டு உடைத்துவிட்டார். நான் வீட்டில் மூச்சு விடவில்லை. படகுக்காரன் திரையில் வந்து தொப்பியைக் கழற்றியதுதான் தாமதம், என் மனைவி என் பக்கம் திரும்பி "இவனா?" என்றாள். அந்த வாரம் முழுக்க மேஜையில் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற ஒரே காரியம் இந்தத் தொடர் பார்ப்பதுதான். அதனால் அவள் கோபம் எனக்குப் புரிந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் கடைசி எபிசோட் மட்டும் பாக்கியிருக்கும் நேரத்தில், அவள் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று கிளம்பிப் போயிருந்தாள். தினமும் போன் செய்வாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கமாட்டாள். "பாக்கலையே?" என்பாள். இன்று சாயங்காலம் வருகிறாள். இவ்வளவு நாள் காப்பாற்றியதை வேர் சிகிச்சையின் கடைசி நாளில் கோட்டை விட எனக்கு விருப்பமில்லை.

டாக்டருக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. கிளினிக்கின் வரவேற்பறையில் ஜன்னலோர நாற்காலி அவருடைய அப்பாவுடையது. வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று கூடவே வந்துவிடுவார். கன்னம் வீங்கி, தலையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம்கூட, "துறைமுகத் தொடர் பாக்குறீங்களோ?" என்று ஆரம்பித்துவிடுவார். வலிக்கிறவர்களுக்கு இரண்டாவது சீசன், வெறுமனே சுத்தம் செய்ய வந்தவர்களுக்கு முதல் சீசன் என்று சிபாரிசும் செய்வார். இன்ஸ்பெக்டர் நன்றாகத்தான் கார் ஓட்டுகிறார் என்பது அவர் கட்சி. ஓட்டுகிற லட்சணத்தை லைசென்ஸ் ஆபீசில் காட்டச் சொல்லுங்கள் என்பது என் கட்சி. அவரும் காரை யாரிடமும் கொடுக்காதவர். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, இரண்டு கார் நிற்கிற இடத்தில் ஒன்றைக் குறுக்காக நிறுத்துவார். கடைசி சீசன் வந்துகொண்டிருக்கும்போதே அவர் இறந்துபோனார். இன்றைக்கு நான் உள்ளே வரும்போது அந்த நாற்காலியில் பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"நேத்து திரும்பவும் தனியா பாத்தேன் சார். அந்தக் கடைசி அஞ்சு நிமிஷம் இருக்கே..." என்று டாக்டர் ஆரம்பித்தார். என் இரண்டு கைகளிலும் இரண்டிரண்டு விரல்கள் எழுந்தன. வலது கால் நாற்காலியின் நுனியை ஓங்கி மிதித்தது. டாக்டர் சட்டென்று நிறுத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். வீட்டில் அவர் கணவர் பந்து இல்லாத எதையும் பார்க்கமாட்டாராம். உதவிக்கு இருக்கும் நர்ஸ் பாட்டு இல்லாவிட்டால் தூங்கிவிடுவாராம். அப்பா அந்த எபிசோடைப் பார்க்காமலே போய்விட்டார். "யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு சார், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு டிரில்லை எடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. என் பல்லை மட்டும் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தார். நான் ஜெயித்துவிட்டேன், சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பேசிப் பேசியே பிழைக்கிறவனுக்கு, பேச ஆளில்லாமல் ஒருவர் வாயை மூடிக்கொள்வதைப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்க்க முடியவில்லை. அக்கா வீட்டிலிருந்து பஸ் ஏறியிருக்கும் என் மனைவியை நினைத்தேன். பத்திரிகை அடுக்கிய நாற்காலியை நினைத்தேன். ஒரு விரலைத் தூக்கினேன்.

வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இரண்டு விரல். வாய் கொப்பளிக்க வேண்டுமா? இரண்டு விரல். மறுபடியும் ஒரு விரலைத் தூக்கி, இறக்காமல் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. "வீட்ல அவங்க?" என்றார். நான் விரலை இறக்கவில்லை.

டாக்டர் டிரில்லை அணைத்தார். "கொலகாரன் யாருன்னு சொல்லமாட்டேன் சார். அது யாருக்கு வேணும்? கடைசில இன்ஸ்பெக்டர் கோட்டுப் பையிலேர்ந்து கார் சாவிய எடுப்பாரு. எடுத்து அந்தப் பொண்ணு கைல குடுப்பாரு. ஒண்ணும் சொல்லமாட்டாரு. கார சுத்தி வந்து இந்தப் பக்கம் ஏறி உக்காந்துக்குவாரு. அவ்வளவுதான், முடிஞ்சுது." கையுறையைக் கழற்றாமலே முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குக் கெளம்புன அன்னிக்கு அப்பாவும் அப்படித்தான் சார் குடுத்தாரு. வழியெல்லாம் நான் ஓட்டுறது சரியில்லன்னு திட்டிக்கிட்டே வந்தாரு."

அந்தப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தே காலம் தள்ளியவன் நான். அங்கே எனக்கு ஒரு பிரேக் உண்டு. இன்ஸ்பெக்டருக்குக் கிடையாது, டாக்டரின் அப்பாவுக்கும் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. வாயில் பஞ்சு இருந்ததால் ஆறுதலாக ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேலை முடிந்து பஞ்சை எடுத்ததும், பாதி நாக்கால், வீட்டில் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று புலம்பினேன். டாக்டர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "மரத்துப்போனது ராத்திரி வரைக்கும் இருக்கும் சார். அதுக்குள்ள பாத்துடுங்க."

என் மனைவி பையைக்கூடப் பிரிக்காமல் சோபாவில் வந்து உட்கார்ந்தாள். என் இடது கன்னம் எனக்குச் சம்பந்தமில்லாதது போலத் தொங்கிக்கொண்டிருந்தது. ரொட்டிக்கடைக்காரி வந்தாள், என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாதிரியார் வந்தார், மறுபடியும் பார்த்தாள். "என்ன மூஞ்சிங்க இது, ஒண்ணுமே தெரியல" என்று அலுத்துக்கொண்டாள். கொலைகாரன் யாரென்று எனக்கும் தெரியாததால் நானும் தைரியமாக முகத்தைக் காட்டினேன். கடைசியில் அவள் ஆரம்பத்திலேயே சொன்ன மீன் வியாபாரிதான் மாட்டினான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மழையில் இன்ஸ்பெக்டரும் அந்தப் பெண்ணும் பச்சை காரை நோக்கி நடந்தார்கள். அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். விட்டதோடு சரி, இன்னும் எதையும் எடுக்கவில்லை. என் கன்னம் அசையாமல்தான் இருந்தது. கண்ணுக்கு டாக்டர் ஊசி போடவில்லை.

என் மனைவி ரிமோட்டை அழுத்தினாள். படம் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள், திரையில் பைக்குள் இருந்த கையைப் பார்த்தாள், பிறகு குனிந்து, தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்த என் வலது காலைப் பார்த்தாள்.

"சொல்லாதீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பையைத் தள்ளிவிட்டு, என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். திரையில் மழை பாதியில் நின்றிருந்தது. நான் இன்னும் காலை எடுக்கவில்லை.