குடத்தில் ஓர் ஓட்டை

என் வீட்டுக்காரர் சபாபதி ரயில் ஓட்டுகிறவர். கோலாலம்பூரிலிருந்து போர்ட் கிள்ளானுக்கும் அங்கிருந்து திரும்பவும் டீசல் இன்ஜினோடு போய் வருவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு பூனைக்குட்டிகூட வரைந்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் எண்பத்தாறாம் வருஷம் திடீரென்று, வாட்டர்கலர் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளப்பின் மாடியில் மிஸ் டான் என்ற சீனப் பெண் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுக்கிறாளாம்.

"இது என்னங்க, சின்னப்பிள்ளைங்க வேலை?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். சம்சுச் சாராயக் கடைக்குப் போவதற்கு இது தேவலை என்று நானும் விட்டுவிட்டேன்.

முதலில் தேங்காய் வரைந்தார். நார் நாராக, தொட்டால் கை உறுத்தும் போல இருந்தது. தூரிகையை நன்றாகப் பிழிந்து, சொரசொரப்பான தாளில் லேசாக இழுத்தால் மேடான இடத்தில் மட்டும் வர்ணம் ஒட்டுமாம். எனக்கே கொஞ்சம் பெருமைதான். அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் ஓட்டைகள் வந்தன. எங்கள் பித்தளைக் குடத்தை வரைந்தார். குடத்தின் வயிற்றில் நீளமாக ஓர் இடம் வர்ணமே படாமல் வெறும் தாளாகக் கிடந்தது. "இன்னும் முடியலியா?" என்றேன். "முடிஞ்சிருச்சே" என்றார். அடுத்த வாரம் கத்தரிக்காய். அதிலும் ஓட்டை. பிறகு என்னை வாசல் பக்கம் உட்காரவைத்து வரைந்தார். பாதி நெற்றியையும் ஒரு கன்னத்தையும் காணோம்.

எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்துவிட்டது. என் மாமனார் சின்னையா ரவாங் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். "பாக்கற எடமெல்லாம் வெள்ளையா திட்டு தெரியுது" என்றுதான் அவருக்குக் கண் போக ஆரம்பித்தது. அதைக்கூட அவர் கால்வாயில் விழுந்து எழுந்த பிறகுதான் வாயைத் திறந்து சொன்னார். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது, இவரும் மறைக்கிறார் என்று நினைத்தேன். மாமனார் விழுந்தது தனியாக. இவருக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக ஜனம் உட்கார்ந்திருக்கிறது!

வெளியே தெரிந்தால் வேலை போகும், ரயில்வே கொடுத்த வீடும் போகும். தெரியாவிட்டால் அதைவிட மோசம். அவர் டியூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் கோர்ட்டுமலைப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். நேராகக் கேட்க வாய் வரவில்லை. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அரிசியில் கல் பொறுக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுவிடாமல் பொறுக்கினார். கை பழக்கத்தில் பொறுக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஒரு சனிக்கிழமை தாங்க முடியவில்லை. வாரா வாரம் இவர் படத்தைப் பார்க்கிற மிஸ் டானுக்கு விஷயம் தெரியாமலா இருக்கும்? அவளையே கேட்டுவிடுவது என்று கிளப் மாடி ஏறினேன்.

நடு மேசையில், ஜன்னலுக்கு நேராக, ஒரு எவர்சில்வர் கெட்டில் இருந்தது. சுற்றிலும் மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். எல்லார் தாளிலும் கெட்டில். எல்லார் கெட்டிலிலும் ஓட்டை. அத்தனை பேருக்குமா கண் போய்விட்டது?

வாசலோரம் உட்கார்ந்திருந்த ஒரு தமிழ்ப் பெண், "யாரைத் தேடுறீங்க ஆன்டி?" என்றாள்.

"இது ஏம்மா, எல்லாரும் நடுவுல பெயிண்ட் அடிக்காம விட்டிருக்கீங்க?"

"அதான் லைட்டு லா, ஆன்டி. இதுல வெள்ளைக்குன்னு தனியா பெயிண்ட் போடறதில்ல. வெளிச்சம் விழற எடத்த தொடாம விட்டுடணும்."

கெட்டிலைப் பார்த்தேன். தாளில் ஓட்டை இருந்த அதே இடத்தில் ஜன்னல் வெளிச்சம் பளீரென்று விழுந்திருந்தது. அப்படியென்றால் என் கன்னம் காணாமல் போகவில்லை. வாசல் வெயில் அதில் எங்கே விழுந்தது என்பதைக்கூட அந்த மனுஷர் விடாமல் பார்த்திருக்கிறார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த அவர் கையில் தூரிகையோடு ஓடிவந்தார். "என்னா சீதா? என்னாச்சி?"

"உங்கப்பா மாதிரி உங்களுக்கும் கண்ணு போயிருச்சின்னு நெனச்சேங்க."

அவர் முகம் மாறியது. என்னை வெளியே கூட்டிவந்து படிக்கட்டில் உட்காரவைத்தார். "எனக்கும் அந்தப் பயந்தான்" என்றார் மெதுவாக. "அப்பாவுக்குக் கண்ணு போன வயசு எனக்கு வந்திருச்சி. போறதுக்குள்ள எல்லாத்தயும் நல்லா பாத்துக்கணும்னுதான் இதுல சேந்தேன்."

நான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாத. ரயில்வே டாக்டர்கிட்ட அப்பா கதையச் சொன்னேன். கண் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பி வச்சாரு. மருந்து ஊத்தி, லைட் அடிச்சி எல்லாம் பாத்தாங்க. நேத்துதான் ரிசல்ட் வந்திச்சி. ரெண்டு கண்ணும் நல்லா இருக்காம்."

"நேத்தே அத என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா, இத்தன நாளா பயந்துகிட்டு இருந்ததயும் சொல்லணுமே."

வந்ததே எனக்குக் கோபம்! கல்லுளிமங்கன், அழுத்தக்காரன் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். வகுப்பே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. திட்டத் திட்ட எனக்கு நெஞ்சுப் பாரம் குறைந்துகொண்டே வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"உன்னத்தான்."

"நல்லா பாருங்க" என்றேன்.