குப்பையைப் பாத்துக்கொள்ளுங்க

அக்னெஸ் ஆன்ட்டிக்குக் கோயிலில் இறுதிப் பூசை முடிந்த அன்று மத்தியானம், அவர் கணவர் கிறிஸ்தோப்பர் அங்கிள் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் கதவைத் தட்டினார்.

"மகள், வாசல்ல இரிந்த வாளி எங்க?"

"கழுவிக் கவிழ்த்து வச்சிருக்கேன் அங்கிள்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், பாவி.

"அதுக்குள்ள இரிந்தது?"

"குப்பைதானே? அப்பவே கீழே மக்குற குப்பைக்கான ப்ரவுன் தொட்டியில கொட்டிட்டேன்."

அவர் வாளியை நிமிர்த்தி உள்ளே பார்த்தார். ப்ளீச் வாசனைதான் அடித்தது.

பிரெஞ்சு பேசும் இந்தப் பனி ஊரில், கார்ட்டியர்வில் பகுதியில், எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எதிரெதிரே இரண்டே வீடுகள். ஒன்றில் மட்டக்களப்பிலிருந்து வந்து முப்பது வருடமாகிவிட்ட அவர்கள் இருவர், பிள்ளைகள் கிடையாது. மற்றதில் சென்னையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த நான். ஆன்ட்டி அக்டோபரிலிருந்தே அந்த வாளியை நிரப்பிக்கொண்டிருந்தார். வாழைப்பழத் தோல், இடித்த முட்டை ஓடு, தேயிலைச் சக்கை, அதன்மேல் இரண்டு கை காய்ந்த சருகு. பால்கனியில் வைத்தால் உறைந்துவிடும் என்று, ஹீட்டர் இருக்கும் பொது நடையில், இரண்டு கதவுக்கும் நடுவே வைத்திருந்தார். ஈ மொய்க்கும். ஒரு நாள் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு, நாறுதே ஆன்ட்டி என்று கேட்டே விட்டேன்.

"இன்னும் ரெண்டு கை சருகு போட்டா மணம் போயிரும் மகள்" என்றார். "மே மாசம் பாருங்க, கறுப்பு மண்ணாகிரும். உங்களுக்கும் தாறன், ஒரு தக்காளிக் கண்டு வையுங்க."

எவளுக்கு வேணும் தக்காளி என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் அங்கிள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினார். "அக்னெசுக்கு ஏலாமப் போச்சு மகள். நான் அவளோட நிக்கிறன். வாசல்ல குப்பை இரிக்கு, ஒருக்கா பாத்துக்கொள்ளுங்க." அடுத்த நாள் புதன்கிழமை, குப்பை வண்டி வரும் நாள். பார்த்துக்கொண்டேன். ஆன்ட்டி நான்காம் நாள் போய்ச் சேர்ந்தார்.

"எங்கட பக்கம் உரம், பசளை இதுகளத்தான் குப்பை எண்டுற" என்றார் அங்கிள், என் வாசலில் நின்றபடியே. "வயலுக்குக் குப்பை போட்டாச்சா எண்டு கேப்பம்."

பனியில் நிலம் உறைந்து கிடந்ததால் அடக்கம் மே மாதம்தான் என்று கல்லறைத் தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அதுவரை பெட்டி கல்லறைத் தோட்டத்துக் குளிர் அறையில் இருக்கும். "குழிக்குள்ள ஒரு பிடி மண் போடணுமே மகள். அவள் அஞ்சு மாசமாச் செஞ்ச மண்ணப் போடுவம் எண்டு நெனச்சன். வேற ஒண்டுமில்ல."

நகராட்சிக்குப் போன் போட்டேன். பிரெஞ்சுக்காரப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போன வாரத்து வண்டி போனது போனதுதான் மேடம் என்றாள். அங்கிளிடம் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை மனுஷன். திட்டித் தொலைத்திருக்கலாம். "பரவால்ல. உங்களுக்கென்ன தெரியும்?" என்றார்.

தெரியும். அதுதான் விஷயம். வாளியைக் கவிழ்த்தபோது மேலே இருந்த தோல்கள் விழுந்து, பின்னால் அடியிலிருந்து கறுப்பாக, உதிரியாக மண் விழுந்தது. ஆன்ட்டி சொன்ன அதே மண். பார்த்தேன். சனியன் தொலைந்தது என்று கடைசித் துகள்வரை தட்டிவிட்டுத்தான் மேலே ஏறினேன். ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்றுதான் அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

மே மாதம் அடக்கத்துக்கு என் காரில்தான் கூட்டிப்போனேன். பெட்டி இறங்கியதும் பாதர் சலித்த மணல் தட்டை நீட்டினார். அங்கிள் ஒரு பிடி அள்ளினார். குழிக்குமேல் கையை நீட்டினார். கை திறக்கவில்லை. பின்னால் ஆட்கள் வரிசையாகக் காத்து நின்றார்கள். பாதர் பிரெஞ்சில் ஐயா என்பதுபோல் மெல்ல "மிஸ்யூ" என்றார். அங்கிள் தலையை ஆட்டிவிட்டு, கையை மூடியபடியே திரும்பி நடந்து காரில் வந்து உட்கார்ந்தார்.

"அங்கிள், அந்த வாளி..." என்று ஆரம்பித்தேன்.

"ஓம் மகள்" என்று என்னைப் பார்த்தார்.

குனிந்து அவருடைய சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன். மூடிய விரல் இடுக்கிலிருந்து வெள்ளை மணல் கொஞ்சம் கொஞ்சமாக அவர் மடியில் கொட்டிக்கொண்டிருந்தது.