கூடுதல் ஏழு நிமிடம்

“உனக்கு இங்க என்னம்மா வேலை, சும்மா உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துட்டு இருக்கிறதா?”

நத்தை என்று பின்னால் பெயர் வாங்கிய பெண்ணின் அம்மா, பயிற்சி மையத்தில் நேரம் பார்க்கிறவளிடம் முதல் நாள் கேட்ட கேள்வி அது. கேலியாகக் கேட்கவில்லை. மகளைக் கொண்டுவந்து சேர்க்கிற இடத்தில் யாருக்கு என்ன பொறுப்பு என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் நின்ற, மையத்தை நடத்துகிற அண்ணன் முந்திக்கொண்டார்.

“ஆமாங்க, அதான் என் தங்கச்சிக்கு வேலை. லேசா நினைச்சுடாதீங்க. இந்தப் பரீட்சையில பாதி மார்க்கைக் கடிகாரம்தான் போடுது.”

இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் அவளுக்கு அந்த அறை அப்படியே கண்ணில் நிற்கிறது. மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி. எழுதுபலகை ஒட்டிய நாற்காலிகள் இருபத்திரண்டு, அதில் மூன்று ஆடும். ஏசி சொட்டுகிற மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. ஜெராக்ஸ் மிஷின் சூடாகும்போது வருகிற வாசனை. சனிக்கிழமை சாயங்காலமே அவள் வந்து வினாத்தாள்களை அடுக்கி, விடை குறிக்கும் வட்டத் தாள்களை நாற்காலிக்கு ஒன்றாக வைத்து, ஆளுக்கு இரண்டு பென்சில் சீவி வைப்பாள். ஞாயிறு காலை எட்டரைக்கு மாதிரிப் பரீட்சை.

வருகிற பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ் என்று இரண்டு நாக்கோடு வளர்ந்தவர்கள். அமெரிக்காவில் கல்லூரிக்குப் போக அந்த நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். கணக்கில் புலிகள். வாசிப்புப் பகுதியில்தான் மூச்சு வாங்கும். அறுபத்தைந்து நிமிடம், ஐந்து பத்திகள், ஐம்பத்திரண்டு கேள்விகள்.

அண்ணனுக்கு ஒரு கொள்கை உண்டு. கடிகாரத்தை நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறவன் படிக்க மாட்டான் என்பார். அதனால் உள்ளே வரும்போதே போனும் வாட்சும் வாசலில் இருக்கிற கூடைக்குப் போய்விடும். சுவரில் கடிகாரம் கிடையாது. அறையில் இருந்த ஒரே கடிகாரம் அவள் மேஜைமேல், அவளைப் பார்த்தபடி இருந்தது. பிள்ளைகளுக்கு நேரம் என்றால் அவள் குரல்தான். “ஆரம்பிக்கலாம்.” “இன்னும் அஞ்சு நிமிஷம்.” “பென்சிலைக் கீழே வைங்க.” வருஷம் முழுக்க அந்த அறையில் அவள் பேசியது இந்த மூன்றே வாக்கியம். அவளுக்கு ‘டைம் அக்கா’ என்று பெயர் விழுந்தது அதனால்தான்.

நத்தை என்ற பெயர், அந்தப் பெண் தனக்குத் தானே வைத்துக்கொண்டது.

“அக்கா, நான் ஒரு வரி படிப்பேனா, அது நேரா உள்ள போகாது. வீட்டுக்குப் போய் எங்கம்மாகிட்ட தமிழ்ல சொல்லிட்டு, அம்மா தலையாட்டினப்புறம்தான் திரும்பி வரும். அதுக்குள்ள மத்தவங்க பக்கத்தைத் திருப்பிடறாங்க.”

“ஆட்டோ புடிச்சுப் போகச் சொல்லு,” என்றான் பின்வரிசை வாலுப்பையன். அறையே சிரித்தது. நத்தையும் சிரித்தாள். ஆனால் அன்றைக்குப் பென்சிலைக் கீழே வைத்தபோது அவள் தாளில் பதின்மூன்று வட்டங்கள் வெறுமையாக இருந்தன.

அவளுடைய அப்பா கறாரானவர். ஆயிரத்து அறுநூறுக்கு ஆயிரத்து நானூறு வந்தால் அமெரிக்கா, ஒன்று குறைந்தாலும் வீட்டுப் பக்கத்துக் கல்லூரி, பேச்சே இல்லை. ஒரே ஒரு தடவைதான் எழுத விடுவேன் என்றும் சொல்லிவிட்டார். இதை நத்தை ஏதோ சினிமாக் கதை மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். சீக்கிரம் வருகிற ஞாயிறுகளில் டைம் அக்காவோடு சேர்ந்து பென்சில் சீவுவாள். அக்காவுக்கு வாய் திறக்காமலே ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சையில், பாதி எழுதின தாளை ஒரு டீச்சர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனதோடு பள்ளிக்கூடம் பக்கமே போகாதவள் டைம் அக்கா. தாள் கிழிந்த சத்தம் இன்னும் காதில் இருந்தது. அதனால்தானோ என்னவோ, ஒரு ஞாயிறு கடிகாரம் அறுபத்தைந்தைத் தொட்டபோது அவள் நத்தையைப் பார்த்தாள். உதடு அசைய, கண்ணை இடுக்கிக்கொண்டு அவள் கடைசிப் பத்தியில் இருந்தாள். ‘பென்சிலைக் கீழே வைங்க’ என்ற வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இரண்டு நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்தது. யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் நாலு நிமிடம். அதற்கடுத்து ஐந்து. கடைசியில் ஏழில் வந்து நின்றது. “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்பதையும் அதற்குத் தக்கபடி தள்ளிச் சொன்னாள். மார்க் ஏறியது. நத்தைக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். அண்ணன் துளை போட்ட அட்டையை விடைத்தாள்மேல் வைத்துத் திருத்திக்கொண்டே, “இந்த வருஷப் பசங்க நெருப்பு!” என்று மேஜையைத் தட்டினார். நத்தை ஆயிரத்து நானூற்று முப்பது வாங்கிய அன்று, டைம் அக்காவின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

நிஜப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது டைம் அக்காவுக்குக் காய்ச்சல். அந்த ஞாயிறு அண்ணனே கையில் வாட்ச் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை அவள் போனபோது அண்ணன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “ஒரே ஒரு நாள் நான் உட்கார்ந்தேன். மொத்தமும் கவுந்துடுச்சு. என் மூஞ்சியைப் பார்த்தா அவ்வளவு பயமாவா இருக்கு?”

சாயங்காலம் மாடிப்படியில் நத்தை உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“ஆயிரத்து முந்நூத்திப் பத்து, அக்கா. அப்பா பேப்பரைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. அதான் பயமா இருக்கு. நீங்க இருந்தாத்தான் எனக்கு வருது. அங்க பரீட்சை ஹாலுக்கும் நீங்க வர முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்!”

அந்தப் படியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நத்தையின் தலையைத் தடவிவிட்டு மேலே போய், அண்ணனிடம்தான் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டே, ஏழு நிமிடத்தையும் சொன்னாள்.

அண்ணன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“எத்தனை வாரமா?”

“ஒன்பது.”

“பாவம் பார்த்தியா? யார் மேல பாவம் பார்த்தே நீ? இப்ப அந்தப் பொண்ணுகிட்ட சொல்லித் தொலைக்காதே. உடைஞ்சுடுவா. இனிமே நான் உட்கார்றேன், சமாளிச்சுக்கலாம்.”

“சொல்லலைன்னா அவ தன்னையே சந்தேகப்படுவாண்ணே. திடீர்னு எனக்கு என்ன ஆச்சுன்னு நினைப்பா. அந்த நினைப்போடயே போய் உட்காருவா.”

அண்ணனிடம் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டார். “உன் இஷ்டம்,” என்றார்.

அடுத்த ஞாயிறு எட்டரைக்கு எல்லாரும் பென்சிலோடு காத்திருந்தார்கள். அவள் எழுந்து நின்றாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இத்தனை நாளா நான் உங்களுக்கு அறுபத்தஞ்சு நிமிஷம் கொடுக்கலை. அறுபத்தேழு, அறுபத்தொன்பதுன்னு ஏத்தி, எழுபத்திரண்டு வரைக்கும் கொடுத்தேன். போன வாரம் சார் கொடுத்ததுதான் சரியான நேரம். உங்களுக்கு ஒண்ணும் ஆகலை. தப்பு என்னோடது.”

வாலுப்பையன்தான் முதலில் தெளிந்தான். “அப்போ எங்க வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டதெல்லாம் வீணா அக்கா?” இரண்டு பேர் சிரித்தார்கள். நத்தை சிரிக்கவில்லை. வினாத்தாளின் மேலட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

“ஆரம்பிக்கலாம்,” என்றாள் டைம் அக்கா.

சரியாக அறுபத்தைந்தில் நிறுத்தியபோது நத்தையின் தாளில் பதினோரு வட்டம் வெறுமை.

அண்ணன் பயந்ததுபோல அவள் உடையவில்லை. மறுநாளே வந்தாள். அதற்கு மறுநாளும். ஞாயிறு வரைக்கும் காத்திருக்காமல் தினமும் சாயங்காலம் ஒரு வாசிப்புப் பகுதியை எழுதினாள். கேள்விகளை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போகப் பழகினாள். தெரியாத வார்த்தையைத் தாண்டிப் போகப் பழகினாள். அவளுக்காக மட்டும் டைம் அக்கா கடிகாரத்தோடு உட்கார்ந்தாள். வெறுமையாக நின்ற வட்டங்கள் ஒன்பது, எட்டு, நடுவில் ஒரு நாள் மறுபடி பத்து, பிறகு ஆறு. ஆனால் நத்தை பென்சில் சீவ வரவில்லை. அம்மா தலையாட்டுகிற கதை சொல்லவில்லை. எதிரே அக்கா என்று ஓர் ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தன்மேல் இருந்த கோபத்தையெல்லாம் அவள் இடம் மாற்றி அக்கா மேல் வைத்திருந்தாள். அதற்கு இவள் ஒத்துக்கொண்டாள். அந்தப் பெண் தன்னைத் தானே வெறுப்பதைவிட இது மேல்.

பிறகு நத்தைக்கு ஆயிரத்து நானூற்று இருபது வந்ததும், விமானம் ஏறியதும், அங்கே அவள் நன்றாக இருப்பதும் அண்ணன் சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். அதிலெல்லாம் இவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த வருஷத்தை நினைத்தால் முன்னால் வந்து நிற்பது மார்க் இல்லை, பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை.

அன்றைக்கு வெளியே மழை. அறையில் இரண்டே பேர். வாளியில் சொட்டுகிற சத்தம். ஐந்தாவது பத்தியில் நத்தையின் உதடு அசையவில்லை என்பதை இவள் கவனித்தாள். கண் மட்டும் வரிக்கு வரி இறங்கிக்கொண்டிருந்தது.

“இன்னும் அஞ்சு நிமிஷம்.”

நத்தை நிமிரவில்லை. அறுபத்து நான்காவது நிமிடத்தில் பென்சிலை அவளாகவே கீழே வைத்தாள். ஐம்பத்திரண்டு வட்டமும் நிரம்பியிருந்தது. தாளை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். ஒரு கணம் நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று டைம் அக்கா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது. நத்தை ஆடுகிற நாற்காலியை நேராக நகர்த்திவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் குனிந்து செருப்பைப் போட்டாள். வாரை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு படியிறங்கிப் போனாள்.